யேசுரத்தினம் போடாத கையெழுத்து

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. சுசீந்திரம் கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை முக்கிச் சத்தியம் பண்ணுகிற வழக்கம் ராஜாக்கள் காலத்தோடு நின்றுபோனது. நிற்காமல் இருந்திருந்தால் இரண்டு கையையும் முக்கிவிட்டே தொடங்கியிருக்கலாம். வழக்கம் நின்றுபோனது சொல்கிறவன் குற்றம் அல்ல.

1953ஆம் வருடம். இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே மணல்காட்டுவிளையில் யேசுரத்தினம் மைக் செட் வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தான். மற்ற வீடுகளில் நெல் குதிர் நிற்கிற இடத்தில் அவன் வீட்டில் ஆம்பிளிபயர் பெட்டி இருந்தது. அதன்மேல் ஈச்சம்பாய் போர்த்தியிருக்கும். பெட்டியும் பேட்டரியும் ரிக்கார்டு சுற்றுகிற தட்டும் ஒலிபெருக்கிக் குழாயும் திருவனந்தபுரத்தில் வாங்கியவை. வாங்கியது அவன். வாங்க வைத்தது அவன் மனைவி தங்கபாயின் கழுத்துச் சங்கிலியும், கிறிஸ்தவ மிஷனின் பூத்தையல் வேலையில் அவள் நாலு வருடம் கண்ணைப் பழுதாக்கிச் சேர்த்ததும்.

அந்தக் குழாயின் வலிமையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லாமல் போகக்கூடாது. முதன்முதலில் அதைத் தென்னைமரத்தில் கட்டி ஒரு ஞானப்பாட்டு வைத்தபோது, கடலில் வலை போட்டிருந்த இரண்டு வள்ளக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கிவிட்டது என்று பதறிக் கரைக்கு வந்தார்கள். குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, தலைசீவிய பிறகுதான் அன்றைக்குப் புதன்கிழமை என்று தெரிந்தது. இன்னொரு ரிக்கார்டில் ஒரு பெண்குரல் உச்சிக்கு ஏறுகிற இடத்தில் பதினோரு தேங்காய் உதிர்ந்தது. தோப்புக்காரர் கணக்குப் பார்த்தார். மரமேறுகிறவனை நிறுத்திவிட்டு, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அந்தப் பாட்டை மட்டும் வந்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வேலைப் பங்கீடு இப்படி: மரத்தில் ஏறுவது, குழாய் கட்டுவது, ஊர்க்காரர்களிடம் மீசையைத் தடவிக்கொண்டு பேசுவது, அச்சார வெற்றிலை வாங்குவது எல்லாம் யேசுரத்தினம். பெட்டிக்கு முன்னால் உட்கார்வது தங்கபாய். தட்டுக்குச் சாவி கொடுப்பதும், பாட்டுக்கு ஒரு ஊசி மாற்றுவதும், பேட்டரிக்குத் தண்ணீர் பார்த்து ஊற்றுவதும் அவள்தான். ஆனால் கோயில் கொடைத் திருவிழாவில் நாலு ஆண்கள் பார்க்க ஒரு பெண் பெட்டிமுன் உட்கார்ந்தால் அவனுக்கு நாணக்கேடு. அதனால் அவளைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டிவிடுவான். தட்டிக்கு வெளியே அவன் கைகட்டி நிற்பான். பாட்டு நல்லாயிருந்தது என்று யாராவது சொன்னால் தலையாட்டிக்கொள்வான்.

அந்த வருடம் பங்குனியில் ஒருநாள் பூதப்பாண்டி சிவதாணு பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் நீள நோட்டு. அவரும் மைக் செட்காரர்தான். நாஞ்சில் நாட்டில் அப்போது இந்தத் தொழிலுக்கு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் பேசிய வாடகையை அடுத்தவன் குறைத்து, அவனை இன்னொருவன் குறைத்து, கடைசியில் இரணியல் பக்கம் ஒருவன் ஒரு பலாப்பழத்துக்கு மூன்று நாள் பாட்டு வைத்தான். பழமும் காய். இதைப் பார்த்துத்தான் சிவதாணு சங்கம் தொடங்கியிருந்தார்.

“என்னவே யேசுரத்தினம், ஏழு பேரு சேந்தாச்சு. நீரு எட்டாவது. நோட்டுல ஒரு கையெழுத்து, அம்புட்டுதான்.”

“ஓம்ம நோட்டுல எனக்க கையெழுத்து விழாது ஓய். வேதபுஸ்தகத்துல கைய வச்சுச் சொல்லியாச்சு.”

“மோரு சங்கதியா? அது வெளையாட்டுக்குச் சொன்னதுவே.”

“பத்தூரு கேட்ட வெளையாட்டு.”

“பத்தூரு கேட்டுதுன்னா அது எனக்க கொழாய்க்குப் பெருமைல்லா?”

மோர் சங்கதி என்பது முந்தின வருடம் நடந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டில் ஒரே நாளில் கொடை. ஒன்றுக்கு சிவதாணு, மற்றதுக்கு யேசுரத்தினம். குழாய்களை ஒன்றை நோக்கி ஒன்று திருப்பிக் கட்டியாகிவிட்டது. பாதியில் யேசுரத்தினத்தின் பேட்டரி அடங்கியது. உடனே எதிர்க்குழாயில் சிவதாணுவின் குரல் வந்தது: “அந்த ஊர்க் குழாய்க்காரருக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. தாயுள்ளம் கொண்ட யாராவது ஒரு செம்பு மோர் கொடுக்கவும்.” இந்த ஆளோடு எந்தக் காகிதத்திலும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதில்லை என்று அன்றிரவே யேசுரத்தினம் வேதபுஸ்தகத்தில் கை வைத்தான்.

“சங்கம்னா என்ன ஓய் தருவீரு?” என்று கேட்டான் யேசுரத்தினம்.

“ஒருத்தன் வெத்தல வாங்கின ஊருல இன்னொருத்தன் போயிக் கொறச்சுப் பேசப்படாது. ஒருத்தனுக்க கொழாய் நின்னா மத்தவனுக்க கொழாய் அங்க போவணும். பெட்டி பழுதுன்னா எல்லாரும் சேந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு ஆளு அனுப்பணும்.”

“எனக்க கொழாய் நிக்காது.”

“பேட்டரி?”

யேசுரத்தினம் எழுந்து வெளியே போய்விட்டான். வீட்டுக்காரன் அவனே என்பது வேலி தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. கௌரவத்துக்காக அந்தியாகும்வரை திரும்பவில்லை.

தங்கபாய் சிவதாணுவுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். “நோட்ட ஒருக்கா பாக்கட்டா அண்ணாச்சி?” என்று வாங்கி, விதிகளை முதலிலிருந்து கடைசிவரை எழுத்துக்கூட்டாமல் வாசித்தாள். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தியில் கஞ்சிக்கு உட்கார்ந்தபோதுதான் பேச்சை எடுத்தாள்.

“சங்கத்துல சேந்தா என்ன கொறஞ்சு போவும்? பூத்தையலுக்காரிய நாங்க முப்பது பேரு ஒரு சங்கமாத்தான் இருந்தோம். கூலி தட்டிப்பேசினா எல்லாரும் ஊசியத் துணியில குத்தி வச்சிட்டுச் சும்மா இருப்போம். பாட்டுகூடப் பாடமாட்டோம். மறுநாளு செரியாயிரும். ஒத்தைக்கு ஒருத்தி ஊசிய வச்சா, வீட்டுக்குப் போ ஏட்டின்னு சொல்லுவாவ.”

“அது பொம்பளைய சங்கதி ஏட்டி.”

“கூலி ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணுபோலத்தான் கொறையும்.”

“தொவையல வையி.”

அவள் துவையலை வைத்தாள். பேச்சையும் அதோடு மூடிவைத்தாள். ஆறவிடவில்லை, மூடித்தான் வைத்தாள்.

சித்திரை இரண்டாம் செவ்வாய்க்குப் புளியங்காட்டு அம்மன் கோயில் கொடை. ஊர்த் தலைவர், முதலடி நாராயணபெருமாள் மாசியிலேயே யேசுரத்தினத்துக்கு வெற்றிலை வைத்துவிட்டார். வெற்றிலை வாங்கியவன் வந்தே தீரவேண்டும். முன்பு ஒரு வாணக்காரன் வாங்கிவிட்டு வராமல் இருந்தான். அப்புறம் அவனுக்கு எந்த ஊரிலும் வெற்றிலை இல்லை. அவன் தன் செலவில் வெடி போட்டால்கூட யாரும் காதைப் பொத்துவதில்லை.

கொடைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் குழாய் கரகரத்தது. பெண்குரல் எல்லாம் ஆண்குரலாகவும், ஆண்குரல் எல்லாம் மாடு கனைப்பது போலவும் வந்தது. சனிக்கிழமை காலையில் யேசுரத்தினம் குழாயை மடியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

“சளி பிடிச்சிருக்கு.”

தங்கபாய் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. “கொழாய்க்கு ஏதுங்க சளி?”

“ரெண்டு ராத்திரி மரத்து உச்சியில பனியில கெடந்துதுல்லா? காத்து போயி வாற எடம் எதுவானாலும் சளி பிடிக்கும்.”

“இஞ்ச பாருங்க, உள்ள நகத்தவிட மெல்லிசா ஒரு தகடு இருக்கு. அரக்கு வச்சு ஒட்டினது. அது வெலகியிருக்கும். கோட்டாத்துல காட்டலாம்.”

“நீ மீன ஆயி.”

வேலியோரம் போய் நொச்சி ஒடித்து வந்தான். பெரிய பானையில் இலையைப் போட்டுக் கொதிக்க வைத்தான். இரண்டு சொட்டு யூக்கலிப்டஸ் தைலமும் விட்டான். குழாயைப் பானைமேல் கவிழ்த்து, ஊட்டியிலிருந்து வந்த கம்பளியால் மூடி, காற்றுப் புகாமல் ஓரங்களை மடித்துவிட்டான். ஒரு பிள்ளைக்குச் செய்கிறதைவிடப் பதமாகச் செய்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரைமணி நேரம் கழித்து எடுத்து, துண்டால் துடைத்து, காற்றுப் படாமல் உள்ளறையில் வைத்தான். மத்தியானத்துக்கு அதற்குக் கஞ்சி கேட்கவில்லை என்பது ஒன்றுதான் பாக்கி.

சாயங்காலம் பெட்டியோடு மாட்டிப் பார்த்தார்கள். குழாய் ஒரு தும்மல் தும்மியது. அதோடு அடங்கியது. அரக்கு இளகித் தகடு உள்ளே சுருண்டு கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போய் இரண்டு பேரும் முழங்காலில் நின்றார்கள். திரும்பி வந்து மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் தின்றார்கள். கை கழுவுவதற்குள் நாராயணபெருமாள் வந்துவிட்டார்.

“எல்லாம் சரிதானப்பா? வில்லுப்பாட்டுக்கு அம்புட்டு ஆளு வருகு. பக்கத்து ஊருல ரெண்டு நாளா நம்மளத்தான் கேலி பேசுதானுவ. கொழாய் கேக்கல்லேன்னு வையி, நான் முதலடிக் கம்பத் தூக்கிக் குளத்துல போட்டுட்டு நாடுவிட்டுப் போவணும்.”

“பொறுப்பு எனக்கு” என்றான் யேசுரத்தினம். முகம் சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது.

முதலடி போனபிறகு தங்கபாய் அவன் எதிரில் வந்து நின்றாள்.

“பூதப்பாண்டிக்குப் போங்க.”

“செத்தாலும் போமாட்டேன். வேதபுஸ்தகத்துல கை வச்சிருக்கேன்.”

“செவ்வாக்கெழம நீங்க போயி நிக்கல்லேன்னா நமக்கு இந்தத் தொழில் இல்ல. நாலு வருசம் நான் குனிஞ்சு தைச்சது இந்தப் பெட்டிதான். நான் திரும்பக் குனியமாட்டேன்.”

“நான் என்ன செய்யட்டு? எனக்க கையெழுத்து அவனுக்க நோட்டுல விழாது.”

“உங்க கையெழுத்து விழாண்டாம்” என்றாள் தங்கபாய்.

திங்கட்கிழமை காலையில் நாகர்கோவில் பஸ் பிடித்து, அங்கிருந்து பூதப்பாண்டிக்கு வேறு பஸ் ஏறினாள். ஒழுகினசேரி தாண்டியதும் கோடைமழை பிடித்துக்கொண்டது. மடியில் துணிப்பைக்குள் கெட்டுப்போன தகடும் ஊசி டப்பாவும். பக்கத்திலிருந்தவள், “ஆஸ்பத்திரிக்கா மக்கா?” என்று கேட்டாள். “ஆமா. ஒருத்தருக்குத் தொண்ட போச்சு” என்றாள் தங்கபாய்.

சிவதாணு வீட்டு வைக்கோல்போர் பக்கம் சாய்ப்புக் கொட்டகையில் அவரும் சங்கச் செயலாளர் ஜான்ரோசும் உட்கார்ந்திருந்தார்கள். ஜான்ரோஸ் குலசேகரத்துக்காரன். ரப்பர் ஷீட் ஏற்றுகிற லாரியில் தொற்றி வருகிறவன். அவன் வந்து போன இடத்தில் அரைநாள் ரப்பர் வாசம் நிற்கும்.

தங்கபாய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நொச்சி என்கிற இடம் வந்ததும் சிவதாணு வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டார்.

“தைலம் வேறயா?”

“ரெண்டு சொட்டு.”

“நெஞ்சுல தடவல்லியா?”

“சிரிச்சு முடிச்சிட்டியளா அண்ணாச்சி? பஸ்சுக்கு நேரமாவுது.”

சிவதாணு வேட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “இந்தா பாரு மக்கா, சிரிப்பு வேற, விதி வேற. சங்கத்துல இல்லாதவனுக்குக் கொழாய் குடுத்தா நாளைக்கு ஒருத்தனும் நோட்டுல கையெழுத்துப் போடமாட்டான். அவன் வரட்டும்.”

“அவரு வரமாட்டாரு. நான் வந்திருக்கேன். நான் சேருகேன்.”

ஜான்ரோஸ் வெற்றிலையைத் துப்பினான். “பொம்பளையள எப்பிடிச் சேக்க முடியும்? இதென்ன வாழைக்குலச் சந்தையா?”

“ரெண்டாவது விதிய வாசிங்க” என்றாள் தங்கபாய். “‘ஒலிபெருக்கி வைத்துத் தன் கையால் தொழில் செய்யும் எவரும்’னு எழுதியிருக்கு. ஆம்பளைன்னு எழுதல்ல. நான் அண்ணைக்கே வாசிச்சிட்டேன்.”

சிவதாணு நோட்டைப் புரட்டினார். எழுதியது அவரேதான். இரண்டுமுறை வாசித்துவிட்டு ஜான்ரோசைப் பார்த்தார்.

“‘தன் கையால்’னு இருக்கே” என்றான் ஜான்ரோஸ். “அத யாரு கண்டா?”

“ஓலைத்தட்டிக்குள்ள இருக்கது யாருன்னு நெனச்சிய? பெட்டிய எடுத்து வைங்க.”

எடுத்து வைத்தார்கள். விதிப்படி பரீட்சை இதுதான்: ஒரு ரிக்கார்டு முடிந்து, ஊசி மாற்றி, அடுத்தது தொடங்குவதற்குள் பத்து எண்ணக்கூடாது. ஜான்ரோஸ் விரல் நீட்டி நின்றான். சாய்ப்பு மூலையில் குழாய் தெருவைப் பார்த்திருந்தது. பாட்டு முடிந்தது. தங்கபாய் இடதுகையால் மைக்கை வாய்க்கருகே இழுத்து, அந்தப் பாட்டின் கடைசி அடியைத் தானே பாடினாள். அதே சுருதி, அதே மூக்கொலி, ரிக்கார்டில் உள்ள கீறல் சத்தம் உட்பட. பாடிக்கொண்டே வலதுகையால் ஊசி மாற்றி, தட்டு மாற்றி, சாவியும் கொடுத்தாள். அடுத்த பாட்டு அவள் குரலுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. இடைவெளியே இல்லாததால் ஜான்ரோஸ் ஒன்றுகூட எண்ணாமல் நீட்டிய விரலோடு நின்றான்.

தெருவில் போன கோலப்பன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, புதுசா நீளமா ஒரு பிளேட்டு வந்திருக்கு போல?”

“ஆமாவே” என்றார் சிவதாணு. “எட்டாம் நம்பரு.”

நோட்டைத் திருப்பி அவள்முன் வைத்தார். அவள் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, முழுப்பெயரையும் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது யேசுரத்தினம் பாயைவிட்டு எழவில்லை. தங்கபாய் பெட்டியையும் பேட்டரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புளியங்காட்டுக்குப் போனாள். ஒரு குழாய் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். ஆனால் விதியில் ‘மத்தவனுக்க கொழாய் போவணும்’ என்று இருந்ததே தவிர, மற்றவன் யார் என்று இல்லை. ஏழு பேருமே வந்தார்கள். ஒருவர் சைக்கிளில், ஒருவர் பஸ் கூரையில், ஜான்ரோஸ் ரப்பர் லாரியில். ஏழு குழாய் கோயில் முற்றத்தில் வரிசையாகக் கிடந்தது. போகிற ஊரில் கூலிக்கு ஆள் ஏற்றியே பழகிய அந்த ஏழு பேரில் மரமேறத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை.

“ஓலைத்தட்டி எங்க கட்டணும்?” என்று கேட்டார் நாராயணபெருமாள்.

“வேண்டாம்” என்றாள். பந்தலுக்கு நடுவில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் பெட்டியை வைத்து உட்கார்ந்தாள். ஒரு குழாயைத் தரையிலேயே சாய்த்து வைத்து, மேற்கே மணல்காட்டுவிளைப் பக்கம் திருப்பி, மைக்கை எடுத்தாள்.

“புளியங்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு ஒலிபெருக்கி உதவியவர், சங்க உறுப்பினர் எட்டாம் நம்பர், தங்கபாய். மரமேறத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் உடனே வரவும். மோர் தரப்படும்.”

இரண்டரை மைல். யேசுரத்தினம் பாயில் எழுந்து உட்கார்ந்தான் என்றும், அடுத்த அறிவிப்பு முடிவதற்குள் கோயில் முற்றத்தில் நின்றான் என்றும் சொல்கிறார்கள். வழியில் ஓடை ஒன்று உண்டு. அதை அவன் தாண்டியதைப் பார்த்தவர் இல்லை. ஆனால் வேட்டி நனையவில்லை.

ஒருவரையும் பார்க்காமல் குழாயைத் தோளில் போட்டு ஏறினான். ஏழு மரம், ஏழு குழாய். கடைசி மரத்திலிருந்து இறங்கியதும் சிவதாணு செம்பை நீட்டினார். யேசுரத்தினம் செம்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

“உப்பு பத்தாது ஓய்.”

“அடுத்த வருசம் செரியாக்கிருவோம்வே. இப்ப ஒரு சிக்கலு உண்டு. சங்கத்துக் கொழாயத் தொட்டவனுக்கு நோட்டுல பேரு இருக்கணும். உறுப்பினருக்க உதவியாளுன்னு போட்டுக்கிடலாம்.”

“கையெழுத்துப் போடமாட்டேன்.”

தங்கபாய் பெட்டியிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள்: “பெருவெரல நீட்டுங்க.”

ஏழாம் வகுப்புவரை படித்த யேசுரத்தினம் நாஞ்சில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தும் கைநாட்டு வைத்த முதல் ஆள் ஆனான். சத்தியமும் நிலைத்தது, தொழிலும் நிலைத்தது.

உச்சிப்பொழுதில் ஏழு குழாயையும் ஒன்றாகத் திறந்தார்கள். அதன் விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்வதே மரியாதை. பொங்கலுக்கு வைத்திருந்த இருபத்தோரு பானையில் இருபது பானை தீ மூட்டாமலே பொங்கின. ஒரு பானை மட்டும் பொங்கவில்லை. அதில் அரிசி போட மறந்திருந்தார்கள். கேலி பேசிய பக்கத்து ஊரில் மறுவாரம் நடக்கவிருந்த கொடையை, எப்படியும் பாட்டு இங்கிருந்தே கேட்கிறது என்று அன்றைக்கே நடத்தி முடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் நாராயணபெருமாள் தாம்பாளத்தில் வெற்றிலை கொண்டுவந்தார். பழக்கதோஷத்தில் யேசுரத்தினத்தின் பக்கம் போனார்.

“அங்க குடும்” என்று பெட்டிப் பக்கம் கையைக் காட்டினான் யேசுரத்தினம். “நான் உதவியாளு.”

தங்கபாய் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினாள். அடுத்த வருடக் கொடைக்கு அச்சாரம். அந்த மாதத்துக்குள் இன்னும் ஒன்பது ஊர் வெற்றிலை அவள் வீட்டுக்கு வந்தது. வாடகையைக் குறைத்துப் பேசிய ஊர்களில் எட்டுப் பேரும் சேர்ந்து ஊசியைக் கீழே வைத்தார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் தொண்டை கட்டி விழுந்த மூன்றாம் நாள் அந்த ஊர்களும் வழிக்கு வந்தன. 1956இல் சிவதாணு பிள்ளை கண்பார்வை குறைந்து விலகியபோது நோட்டு மணல்காட்டுவிளைக்கு வந்தது. அது அந்தப் பெட்டியின்மேல், ஈச்சம்பாய்க்கு அடியில் இருந்தது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுக்காவிலும் சேர்த்து அந்த வருடங்களில் இருந்த மைக் செட் மொத்தம் ஒன்று. நெய்யில் கையை முக்குகிற வழக்கம் நின்றுபோனது எவ்வளவு நல்லது.